பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலம்: ஆனர்ஸ் அமெரிக்கன் லிட்டா, ஏ.பி. லாங்கா?

அமெரிக்கப் பள்ளிகளில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் அடுத்த வருடத்துக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் நம் வீடுகளில் கணக்கு, அறிவியல் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து தயாராக இருக்கிறது, ஆங்கிலம் என்றால் மட்டும் "ஏ.பி. எடுத்தா ஜி.பி.ஏ. ஏறும், எடுத்துடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. (ஏ.பி. என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவிலான பாடம், ஆனர்ஸ் என்பது வழக்கமான பள்ளிப் பாடத்தைவிடச் சற்றுக் கடினமானது, ஜி.பி.ஏ. என்பது எல்லாப் பாடங்களுக்குமான சராசரி மதிப்பெண்.) எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனர்ஸ் அமெரிக்கன் லிட்டரேச்சரையும் ஏ.பி. லாங்வேஜையும் ஒரே பாடத்தின் எளிய வடிவம், கடின வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். படிக்கும் நூல், எழுதும் கட்டுரை, வகுப்பு விதி எல்லாமே இரண்டிலும் வேறு. மதிப்பெண் நன்றாக வாங்குகிற, ஆனால் ஒரு நாவலை முழுசாக உட்கார்ந்து படித்து ரொம்ப நாளான பிள்ளைக்கு ஆனர்ஸ்தான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனர்ஸ் வகுப்பில் வருடத்துக்கு நான்கைந்து முழு நூல்களாவது வரும். பட்டியல் பள்ளிக்குப் பள்ளி மாறினாலும் சில பெயர்கள் எங்கே போனாலும் கண்ணில் படும்: 1692 சேலம் சூனிய வழக்குகளை வைத்து ஆர்தர் மில்லர் எழுதி 1953இல் மேடையேறிய 'தி க்ரூசிபிள்', ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்', அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாறு, மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்', 1925இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி', லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் நாடகம். பல மாநிலங்கள் பின்பற்றும் காமன் கோர் பாடத்தரங்களே 11, 12ஆம் வகுப்பு முடிப்பவருக்கு 18, 19ஆம் நூற்றாண்டுகளையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த அடிப்படை அமெரிக்கப் படைப்புகள் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. பெரும்பாலான பள்ளிகளில் அமெரிக்க வரலாறும் இதே வருடம்தான் வருகிறது. வரலாற்று வகுப்பில் 1950களின் செனட்டர் மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டையைப் படிக்கும் பிள்ளை, மில்லர் ஏன் அந்த நேரத்தில் இருநூற்றைம்பது வருடம் பின்னால் போய்க் கதை எடுத்தார் என்று இங்கே யோசிக்கும்போது இரண்டு பாடமும் மனதில் பதிகிறது. இந்த மண்ணில் பிறந்து வளர்கிற நம் பிள்ளைகள் இந்த நாட்டின் நல்லதையும் கெட்டதையும் கதை வழியாக ஒரு வருடம் முழுக்கச் சந்திப்பதற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை ஜி.பி.ஏ. கணக்கு காட்டாது.

ஏ.பி. லாங் முழுக்க வேறு திசை. சொற்பொழிவு, கடிதம், பத்திரிகைக் கட்டுரை என்று பெரும்பாலும் புனைவல்லாத எழுத்து. எழுதியவர் தன் வாசகரை இணங்க வைக்க என்னென்ன செய்கிறார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. ஏ.பி. பாடங்களை வகுக்கும் அமைப்பான காலேஜ் போர்டு மே மாதம் நடத்தும் தேர்வு மூன்றேகால் மணி நேரம். 45 கொள்குறி வினாக்களுக்கு ஒரு மணி நேரம், மூன்று கட்டுரைகளுக்கு 15 நிமிட வாசிப்பு நேரத்தையும் சேர்த்து இரண்டேகால் மணி நேரம். மதிப்பெண்ணில் 55 சதவீதம் கட்டுரைகளுக்கே போகிறது. 2025 முதல் எல்லாமே கணினியில். இதற்குப் பழக்குவதால் வகுப்பில் அடிக்கடி நாற்பது நிமிடக் கட்டுரை எழுத வேண்டிவரும். ஒரு கட்டுரைக்கு மொத்தம் 6 புள்ளி: நிலைப்பாட்டுக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, நுட்பத்துக்கு 1. முதல் மாதத்தில் 2, 3 என்று வாங்கி வந்து பிள்ளை உடைந்து போவது சகஜம், பெற்றோர் அப்போது பதறக் கூடாது.

சரி, விதிகளுக்கு வருவோம். முதல் வாரத்தில் கையெழுத்துக்கு வரும் சிலபஸ் தாளைப் பலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள், வருடம் முழுக்க வரும் சண்டைகள் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். தாமதத்துக்கு என்ன தண்டனை என்று முதலில் பாருங்கள். ஆனர்ஸ் வகுப்புகளில் நாளுக்கு 10 சதவீதம் வெட்டு, அல்லது அந்தப் பாடப்பகுதி முடியும்வரை பாதி மதிப்பெண் என்பது மாதிரியான ஏற்பாடு அதிகம், ஏ.பி.யில் தாமதமாகத் தந்தால் வாங்கவே மாட்டேன் என்கிற ஆசிரியர்கள் கூடுதல். திருத்தி எழுதும் வாய்ப்பு இதைவிட முக்கியம். ஆனர்ஸில் ஆசிரியரைச் சந்தித்துப் பேசிவிட்டுக் கட்டுரையைத் திரும்ப எழுதித் தரலாம் என்று பல இடங்களில் அனுமதி உண்டு. எழுத்து உண்மையில் வளர்வது அந்த இரண்டாவது வரைவில்தான் என்பதால், எனக்கு இந்த ஒரு விதிக்காகவே ஆனர்ஸ் பிடிக்கும். ஏ.பி.யில் நேரக்கட்டுப்பாட்டுக் கட்டுரையைத் திரும்ப எழுதுவதற்குப் பதில் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார்கள்.

வாசிப்பைச் சோதிக்கும் விதமும் பிள்ளையைப் பாதிக்கும். ஆனர்ஸில் பக்க ஓரத்தில் குறிப்பெழுதிக் காட்டச் சொல்வார்கள், முன்னறிவிப்பில்லாத வினாடி வினா வரும், சுருக்கத்தை இணையத்தில் படித்துவிட்டுப் போனால் மாட்டும்படியே கேள்வி இருக்கும்.

அப்புறம் சாக்ரட்டிக் செமினார். வட்டமாக உட்கார்ந்து நூலைப் பற்றிப் பிள்ளைகளே பேச வேண்டும், ஆசிரியர் கேட்டுக்கொண்டு மதிப்பெண் போடுவார். பக்க எண் சொல்லி வரியைக் காட்டிப் பேசினால் மதிப்பெண், வாயே திறக்காவிட்டால் குறைவு. வகுப்பில் அமைதியாக இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்த நமக்கு இது அநியாயமாகத் தோன்றலாம், ஆனாலும் கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிடப் பாதுகாப்பான பயிற்சி இடம் கிடைக்காது. முன்கூட்டியே இரண்டு கேள்வி எழுதி எடுத்துப்போகச் சொல்லுங்கள். பேச்சுக்கும் விதி உண்டு. 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. அதை உரக்க வாசிக்கக் கூடாது என்று பல ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஏன் என்று வீட்டிலும் பேசிவிடுவது நல்லது, விளையாட்டாக வாயில் வந்துவிட்டாலும் அது பெரிய குற்றம். ஏதாவது நூல் உங்களுக்கு உண்மையாகவே ஒவ்வாது என்றால் மாற்று நூல் கேட்கவும் பல பள்ளி மாவட்டங்களில் வழி இருக்கிறது.

ஏ.ஐ. விஷயத்தில் இரண்டு வகுப்பும் ஒரே கண்டிப்பு. கூகுள் டாக்ஸில் திருத்த வரலாற்றைப் பார்க்கிறார்கள், நகலைக் கண்டுபிடிக்கும் டர்னிடின் மென்பொருளில் போடச் சொல்கிறார்கள், சந்தேகம் வந்தால் பிள்ளையை எதிரில் உட்கார வைத்து அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று கேட்கிறார்கள். ஒரு பத்தி எங்கிருந்தோ மொத்தமாக ஒட்டப்பட்டிருந்தால், பிள்ளையே வேறு கோப்பில் எழுதியிருந்தாலும் விளக்கம் சொல்லியாக வேண்டும். ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோப்பில் எழுதும் பழக்கம் வேண்டும்.

மூன்றாவதாக டூயல் என்ரோல்மென்ட், அதாவது பள்ளியில் இருந்துகொண்டே கம்யூனிட்டி காலேஜில் எடுக்கும் ஆங்கிலப் பாடத்தைச் சிலர் கேட்கிறார்கள். செமஸ்டரில் முடிந்துவிடும் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மதிப்பெண் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் நிரந்தரமாக நிற்கும், நீங்கள் மின்னஞ்சல் அனுப்பினால் பேராசிரியர் உங்களோடு பேசுவார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

ஏ.பி. யாருக்கு என்றால், ஏற்கனவே நிறையப் படிக்கிற, விவாதிக்கப் பிடிக்கிற, நேர அழுத்தத்தில் எழுதக் கை வருகிற பிள்ளைக்குத் தாராளமாக எடுக்கலாம். சில பள்ளிகளில் ஏ.பி. லாங் வகுப்பிலேயே டக்ளஸ், எமர்சன், 'கேட்ஸ்பி' எல்லாம் சேர்த்து நடத்துகிறார்கள். உங்கள் பள்ளியில் அப்படி என்றால் நான் மேலே சொன்ன இழப்பில் பாதி இல்லை. படிவத்தில் குறிக்கும் முன் ஆலோசகரிடம் போன வருடத்துச் சிலபஸ் இரண்டையும் வாங்குங்கள். முழு நூல்கள் எத்தனை, கட்டுரையைத் திருத்தி எழுதலாமா, தாமத விதி என்ன என்ற மூன்றையும் பாருங்கள். கோடை வாசிப்பு உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். இருந்தால் முதல் வாரத்திலேயே அதிலிருந்து தேர்வு வரக்கூடும், ஜூலையில் ஊருக்குப் போகிற குடும்பம் என்றால் புத்தகம் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும்.