தேனா வெல்லமா: கிரானோலா எதில் மொறுமொறுப்பாக நிற்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வெல்லக் கட்சி. ஓட்ஸையும் கொட்டைகளையும் இனிப்பில் புரட்டி மொறுமொறுப்பாகச் சுட்டெடுக்கிற கிரானோலாவைச் செய்யத் தொடங்கிய புதிதில் எல்லாரையும் போலத் தேன் ஊற்றித்தான் செய்துகொண்டிருந்தேன். இணையத்தில் கிடைக்கிற செய்முறைகளில் பெரும்பாலும் தேன்தான். அவை குளிர்ப் பிரதேசத்து அடுப்படிகளில் பிறந்தவை. சேலத்துச் சித்திரை வெயிலிலும், இங்கிருந்து பஸ் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி வருகிற ஏற்காட்டு ஐப்பசி மூடுபனியிலும் அது என்ன பாடுபடும் என்று எழுத அவர்களுக்கு அவசியம் வந்திருக்காது. இப்போது எங்கள் வீட்டில் வெல்லப் பாகுதான். ஏன் என்று கேட்கிறவர்களுக்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பொதுவான சமாச்சாரங்களை வேகமாகக் கடந்துவிடுவோம். ஓட்ஸ், நிலக்கடலை அல்லது பாதாம், பூசணி விதை, தேங்காய் எண்ணெய், உப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஓட்ஸ் மட்டும் முழுசாகத் தட்டையாக இருக்கிற ரோல்டு ஓட்ஸாக இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் கஞ்சியாகிற பொடி ஓட்ஸ் எதில் போட்டாலும் தூள்தான். வெல்லம் போட்டது உடம்புக்கு நல்லது, சர்க்கரை நோய்க்காரர்களும் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேனும் சர்க்கரை, வெல்லமும் சர்க்கரை. விலையில் போட்டியே இல்லை. ஒரு கிலோ நல்ல தேன் வாங்குகிற காசில் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் வெல்லத்தைப் பை நிறைய வாங்கி வரலாம்.

தேன் இல்லாமல் கிரானோலாவா என்று சிலர் புருவத்தை உயர்த்துகிறார்கள். 1863-இல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் இதன் முன்னோடியைச் செய்தபோது அதில் ஓட்ஸும் இல்லை, தேனும் இல்லை. தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டது. ராத்திரியே பாலில் ஊறப் போட்டால்தான் காலையில் பல்லுக்கு இறங்குமாம். ஆக, வெல்லம் போடுவதால் எந்த மரபும் கெட்டுவிடாது.

சுவையில் தேனுக்கு ஒரு வாதம் உண்டு. நல்ல மலைத்தேனின் மணம் தனி. ஆனால் 150 டிகிரியில் அரை மணி நேரம் வெந்த பிறகு அந்த மணத்தில் பெரும்பங்கு காற்றோடு போய்விடுகிறது, மிஞ்சுவது வெறும் இனிப்பு. காசு கொடுத்து வாங்கிய மலைத்தேனை அடுப்பில் ஏற்றுவதைவிட, தட்டில் போட்ட பிறகு மேலே ஒரு ஸ்பூன் விட்டுக்கொள்வது மேல். தேனைச் சூடு பண்ணவே கூடாது என்று என் மாமியார் சொல்வார். ஆயுர்வேதத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை, மணத்துக்காகச் சொல்கிறேன். வெல்லமோ நேர் எதிர். சூடு ஏற ஏற அதன் வாசம் கூடுகிறது. கொஞ்சம் சுக்குப் பொடி, இரண்டு ஏலக்காய் சேர்ந்தால் கார்த்திகைப் பொரி உருண்டை வாசம் வீடு முழுக்க வரும். ஏற்காட்டுக் காப்பித்தூள் அரை ஸ்பூன் பாகில் போட்டுப் பாருங்கள், வெல்லத்தோடு அப்படிச் சேரும்.

குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒன்று: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் வீட்டு அடுப்புச் சூட்டில் சாவதில்லை. அண்ணனுக்குச் செய்ததில் ஒரு துணுக்கைத் தம்பி பாப்பா வாயில் போட்டுக்கொள்வது நடக்காத காரியம் இல்லையே.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். கிரானோலாவின் உயிர் அதன் மொறுமொறுப்பு. செய்த அன்றைக்கு எதுவும் மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். டப்பாவில் போட்டு ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போது என்ன என்பதுதான் கேள்வி. இதில்தான் தேன் தோற்கிறது.

காரணம் எளிது. தேனில் பொதுவாக நூற்றுக்கு 38 பங்கு பிரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரை, 31 பங்கு குளுக்கோஸ், 17 பங்கு தண்ணீர். பிரக்டோஸுக்குக் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கிற குணம் அதிகம். போதாக்குறைக்கு, ஈரமே இல்லாமல் காய வைத்தாலும் சாதாரண அறைச் சூட்டில் அது கண்ணாடி போல் இறுகி நிற்காது, இளகிப் பிசுபிசுக்கும். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது நம் சாதாரணச் சர்க்கரை. அதைப் பாகாகக் காய்ச்சித் தண்ணீரை விரட்டிவிட்டால் 60 டிகிரிச் சூடு வரைக்கும்கூட இறுக்கமாக நிற்கக்கூடியது. வெல்லத்திலும் கொஞ்சம் குளுக்கோஸ், பிரக்டோஸ் இருப்பதால் அந்த அளவு கிடைக்காது. ஆனாலும் ஏப்ரலில் நம் ஊர் அடுப்படி அலமாரிக்குள் 38, 40 டிகிரி அடிக்கும்போது, தேன் போட்டது டப்பாவுக்குள் ஒரே கட்டியாக அமுங்கிக் கிடக்கிறது, வெல்லம் போட்டது குலுக்கினால் சத்தம் போடுகிறது.

இது வறண்ட வெயில் கதை. ஈரத்துக்கு ஏற்காடு இருக்கிறது. என் நாத்தனார் குடும்பம் அங்கே காப்பித் தோட்டத்துப் பக்கம். மழைக்காலத்தில் அவர்கள் வீட்டு உப்பு ஜாடியிலேயே தண்ணீர் கோத்துக்கொள்ளும், தீப்பெட்டியை அடுப்பு மேடையை விட்டு நகர்த்த முடியாது. தீபாவளி முடிந்து இரண்டு டப்பா கொடுத்துவிட்டேன், ஒன்று தேன், ஒன்று வெல்லம். கொஞ்ச நாள் கழித்து போன் வந்தது. "அண்ணி, தேன் போட்டது நமுத்துப்போச்சு, கையில எடுத்தா ஒட்டுது. வெல்லம் போட்டதைப் பசங்க பாதி காலி பண்ணிட்டாங்க, மீதி இன்னும் கடிச்சா சத்தம் கேக்குது. அடுத்த தடவை வெல்லமே போட்டுக் குடுத்து விடுங்க." அதற்காக வெல்லக் கிரானோலா மழையை வென்றது என்று நினைக்க வேண்டாம். மூடியைச் சரியாக மூடாமல் ஒரு ராத்திரி விட்டால் மலை மேல் அதுவும் நமுத்துவிடும். தேனைவிட ரொம்பத் தாக்குப்பிடிக்கிறது என்பது மட்டும் உறுதி.

ஆனால் வெல்லத்தைக் கரைத்து ஊற்றிவிட்டால் இந்தப் பலன் கிடைக்காது. பாகுப் பதம் வர வேண்டும். நான் செய்கிற விதம் இது. 300 கிராம் ஓட்ஸ், 100 கிராம் கடலை, விதைகள், கால் ஸ்பூன் உப்பு, மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் எல்லாம் கலந்து ஓடிஜி அடுப்பில் 150 டிகிரியில் பொன்னிறமாகும் வரை, நடுவில் ஒருமுறை கிளறி, சுமார் இருபது நிமிடம். அது வேகும்போதே 200 கிராம் வெல்லத்தைத் தட்டி, மூழ்குகிற அளவு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டிவிட வேண்டும். மண் இல்லாத வெல்லம் இன்னும் யார் கண்ணிலும் பட்டதில்லை. வடிகட்டியதை அடி கனத்த வடச்சட்டியில் மிதமான தீயில் காய்ச்சுங்கள்.

இனி கண் பாகில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். முதலில் ஒரு சொட்டு விட்டால் கரைந்து ஓடும். அப்புறம் அடியில் தங்கும், விரலால் கூட்டினால் மெத்தென்று உருளும். அது அதிரசத்துக்கான பதம், நமக்குப் போதாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நுரையின் பெரிய குமிழிகள் சிறுத்து, பாகு கனத்து, நிறம் ஒரு படி கறுக்கும். இப்போது தண்ணீரில் விட்டதை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். கடித்தால் பட்டென்று உடைய வேண்டும், பல்லில் ஒட்டக் கூடாது. உடனே அடுப்பை அணையுங்கள். இந்தப் பதத்துக்கும் தீய்ந்த கசப்புக்கும் நடுவில் அரை நிமிடம் இருந்தால் அதிகம்.

அணைத்த கையோடு ஒரு ஸ்பூன் நெய், சுக்குப் பொடி, ஒரு சிட்டிகை சோடா உப்பு. சோடா போட்டதும் பாகு பொங்கி நுரைக்கும். அந்த நுரைதான் பூச்சைப் பல்லை உடைக்காத அளவுக்கு லேசாக்குகிறது. ஓட்ஸ் சூடாக இருக்கும்போதே ஊற்றி மரக்கரண்டியால் வேகமாகப் புரட்டித் தட்டில் பரப்பி, 120 டிகிரியில் இன்னொரு எட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். ஓட்ஸ் ஆறியிருந்தால் பாகு பட்ட இடத்திலேயே இறுகி, பாதி கட்டியாகவும் பாதி வெள்ளையாகவும் நிற்கும். வெளியே எடுத்த பிறகு முழுக்க ஆறும் வரை கை வைக்கக் கூடாது. உடைப்பது அதற்கப்புறம்.

பாகு இறுகிப் பூத்துவிடும் என்று பயந்து எலுமிச்சைச் சாறு பிழிகிற பழக்கம் சிலருக்கு உண்டு. இனிப்புப் பலகாரத்துக்குச் சரி, இதற்கு வேண்டாம். புளிப்பு சுக்ரோஸை உடைத்துக் குளுக்கோஸும் பிரக்டோஸுமாக்கிவிடும். பாதி தேனாக்கிய மாதிரிதான்.

ஏற்காட்டில் செய்கிறவர்கள் சர்க்கரைத் தெர்மாமீட்டரை நம்பினால் ஒரு கணக்குப் போட வேண்டும். அங்கே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், தண்ணீரே 95 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அதனால் பாகுப் பதமும் சமவெளிக்குச் சொல்கிற அளவைவிடச் சுமார் 5 டிகிரி முன்னாலேயே வந்துவிடும். புத்தகத்தில் போட்ட எண்ணுக்குக் காத்திருந்தால் தீய்ந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்துச் சோதனைக்கு இந்தத் தொல்லை கிடையாது, மலை மேலும் கீழேயும் அதே 'டங்'தான்.

எந்த வெல்லம் என்பதும் முக்கியம். கடையில் பாகு வெல்லம் என்று கேட்டு வாங்குங்கள். உருண்டையோ அச்சோ, கையில் ஒட்டாமல் காய்ந்து, உடைத்தால் பொலபொலவென்று உதிராமல் சில்லாக உடைய வேண்டும். கசிந்து பிசுபிசுக்கிற வெல்லம் பாயசத்துக்கு ஆகும், பாகு நிற்காது. பளீரென்ற மஞ்சள் நிறமும் வேண்டாம், நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஓமலூர் வட்டாரத்து வெல்ல ஆலைகளில் சர்க்கரை கலப்படத்தைத் தேடி உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போடுகிற செய்தி நம் ஊர்ப் பதிப்பில் அவ்வப்போது வரும். வேடிக்கை என்னவென்றால், சர்க்கரை கலந்த வெல்லத்தில் பாகு இன்னும் நன்றாகவே முறுகும். வாசம்தான் இருக்காது. வெல்லத்தின் விலையைக் கொடுத்து சர்க்கரை வாங்குவானேன்.

இவ்வளவு சொன்ன பிறகு தேனுக்கு என்ன மிச்சம்? சோம்பேறித்தனத்துக்கு அதுதான் கைகொடுக்கும். கிண்ணத்தில் எல்லாவற்றையும் கொட்டி, எண்ணெயோடு தேனை இளஞ்சூடாக்கி ஊற்றிக் கலந்து, தட்டில் பரப்பினால் வேலை முடிந்தது. பதம் பார்க்க வேண்டாம், ஒட்டிய வடச்சட்டியைச் சுரண்ட வேண்டாம். அளவும் குறைவு: அதே ஓட்ஸுக்கு 120 கிராம் தேன் போதும், வெல்லம் 200 கிராம் வேண்டும். மொத்த இனிப்பைக் குறைக்க நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், இங்கே என் வெல்லம் பின்தங்குகிறது. தேன் சீக்கிரம் கருகும் என்பதால் அடுப்பை 140-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாளில் தீர்ந்துவிடுகிற சின்ன அளவுக்கு, கல்லூரி விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு அவசரமாகச் செய்வதற்கு, தேனே போதும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. பேரீச்சம்பழ சிரப்பும் தேன் ஜாதிதான், அதே பிசுபிசுப்பு. நாட்டுச் சர்க்கரையில் பாகு வரும், ஆனால் நுரை அதிகமாகப் பொங்குவதால் பதம் கண்ணுக்குப் பிடிபடாது. உடன்குடிக் கருப்பட்டியில் நான் அதிகம் செய்ததில்லை. செய்த வரையில் வாசம் பிரமாதம், பாகு வெல்லத்தைவிடச் சீக்கிரம் கசப்புக்குப் போகிறது, எத்தனை நாள் நிற்கும் என்று சொல்கிற அளவுக்கு டப்பாவில் எதுவும் மிஞ்சவில்லை. ஓடிஜி இல்லாமல் வடச்சட்டியிலேயே ஓட்ஸை வறுத்துப் பாகில் புரட்டலாம். கட்டி பெரிதாக வரும், நிறம் ஒரே மாதிரி வராது.

உலர்திராட்சை, அத்தி இதையெல்லாம் எந்த முறையிலும் டப்பாவுக்குள் போட வேண்டாம். பழத்தின் ஈரத்தை ஓட்ஸ் குடித்துவிடும். தனிக் கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடும்போது தூவிக்கொள்ளுங்கள். பெரிய டப்பா ஒன்றுக்குப் பதில் சின்ன எவர்சில்வர் டப்பா மூன்று நல்லது, தினமும் திறப்பது ஒன்றாக மட்டும் இருக்கும். நமுத்துப்போனதை 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் வெல்லம் போட்டது மறுபடி முறுகிவிடும். தேன் போட்டதும் முறுகும், ஆனால் மறுநாள் திரும்ப அடுப்பில் ஏற்ற வேண்டியிருக்கும்.