ஹெர்மிஸ் பார்க்கப் போகிறீர்களா? மட்டக்களப்பில் நான் போன கடை

போன மாதம் மட்டக்களப்பில் மூன்று நாள் நின்று, கல்லடிப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன டைவிங் கடையோடு, கடலில் மூழ்கிக் கிடக்கிற இரண்டு கப்பல்களைப் பார்த்துவிட்டு வந்தேன். வெளியில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் காற்றுச் சிலிண்டரும் அதிலிருந்து மூச்செடுக்கிற ரெகுலேட்டரும் பழுதில்லாமல் இருந்தன, அதுதானே முக்கியம்.

முதல் நாள் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல், சுமார் 24 மீட்டர் ஆழம். அடுத்த நாள் ஹெர்மிஸ். இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது ஒரே நாளில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. ஹெர்மிஸ் பிரித்தானியக் கடற்படையின் விமானம் தாங்கிக் கப்பல், அதோடு 307 பேர் போய்விட்டார்கள். 50 மீட்டருக்கும் கீழே இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது, மேற்பகுதியைத் தொடவே 40 மீட்டரைத் தாண்ட வேண்டும். அதனால் நான் முன்பு எங்கெங்கே டைவ் செய்தேன் என்று எழுதி வைத்த என் லாக் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் படகில் ஏற்றினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஐந்து நட்சத்திரம் போடுவதற்குக் காரணம் வேறு. புறப்படுமுன் வழிகாட்டி அண்ணன் எங்களை இருக்க வைத்து, "தம்பி, நேற்றுப் பார்த்தது வியாபாரக் கப்பல், இன்றைக்குப் பார்க்கப் போறது போர்க்கப்பல், ரெண்டுக்கும் சட்டம் வேற" என்று தொடங்கினார். வியாபாரக் கப்பல் மூழ்கினாலும் அது முதலாளிக்கோ, நட்டஈடு கொடுத்த காப்புறுதிக் கம்பனிக்கோ சொந்தம், அதிலிருந்து பொருளைக் காப்பாற்றிக் கொடுப்பவர் அதற்குக் கூலி கேட்கலாம். போர்க்கப்பலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எத்தனை வருடம் கடலடியில் கிடந்தாலும், அது எந்த அரசின் கப்பலோ அந்த அரசு வெளிப்படையாகக் கைவிடாதவரை அது அந்த அரசின் சொத்துத்தான், கப்பலையும் பொருளையும் மீட்பது பற்றிய 1989ஆம் ஆண்டின் சர்வதேச மீட்பு உடன்படிக்கைகூட அந்த அரசு சம்மதித்தால் ஒழிய போர்க்கப்பலுக்குப் பொருந்தாது. ஹெர்மிஸ் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள், அதாவது இலங்கையின் கடல் எல்லைக்குள் கிடப்பதால் எதையும் எடுக்க இலங்கையையும் கேட்க வேண்டும்.

"கண்டெடுத்தவனுக்குத்தானே சொந்தம்?" என்று கூட வந்த ஒருவர் கேட்டார். அதற்கு அண்ணன் மெர்சிடிஸ் கதையைச் சொன்னார். 1804இல் மூழ்கிய ஸ்பானியப் போர்க்கப்பல் அது. ஓர் அமெரிக்கக் கம்பனி அங்கிருந்து சுமார் 17 தொன் நாணயங்களை அள்ளி 2007இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது, வழக்கு முடிந்து 2012இல் அத்தனையையும் ஸ்பெயினுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

கீழே இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பீரங்கிக் குழாய், பவளம் மூடி, வாய்க்குள் குஞ்சு மீன்கள். பக்கத்தில் ஆள் அளவுக்கு ஒரு களவாய் மீன் அசையாமல் நின்றது. கேள்வி கேட்ட அதே ஆள் மணலில் கிடந்த குண்டின் பித்தளை உறை ஒன்றை எடுத்துவிட்டார். அண்ணன் சட்டென்று வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, எடுத்த அதே பள்ளத்தில் திருப்பி வைக்க வைத்தார். அந்த ஆழத்தில் நமக்குக் கிடைப்பதே கொஞ்ச நிமிடம், அதில் ஒரு நிமிடம் இதற்குப் போனது. எனக்கு அது நட்டமாகத் தெரியவில்லை. சில வருடத்துக்கு முன் வேறொரு ஊரில் இன்னொரு கடைக்காரர், கப்பலிலிருந்து கழற்றிய பித்தளைக் கைப்பிடியை எனக்கே விலை பேசினார், அன்றிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை.

சட்டம் இருக்கிறது, சரி, கடலடியில் காவலுக்கு யார் இருக்கிறார்கள்? ஜாவாக் கடலில் 1942இல் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் டி ரூய்ட்டரும் ஜாவாவும் 2016இல் போய்ப் பார்த்தபோது இடத்திலேயே இல்லை, பழைய இரும்புக்காக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருந்த மாலுமிகளின் எலும்புகளோடு. ஹெர்மிஸுக்கு அப்படி நடக்கக் கூடாது என்றால் இந்த அண்ணன் மாதிரி ஆட்கள்தான் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறை என்றால் படகில் நிழல் கிடையாது, திரும்பி வரும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீருக்குள் போடுகிற உடையான வெட்சூட்டும் பழசு, சொந்தமாக இருந்தால் கொண்டுபோங்கள். விலை மற்றக் கடைகளைவிடக் கொஞ்சம் அதிகம், பேரம் பேசாமல் கொடுத்தேன்.