நாலு நெட்வொர்க், நடுவில் யார்? லேயர் 3 ஸ்விட்ச், ஓபிஎன்சென்ஸ், வெறும் லினக்ஸ்

கணக்குப் பிரிவு, சிசிடிவி, விருந்தினர் வைஃபை, சர்வர்கள் என்று ஒரு சின்ன அலுவலகத்தில் நாலு வி-லேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரித்தாயிற்று, சரி. இவற்றுக்கு நடுவே ரவுட்டிங்கை, அதாவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டைக் கடத்தும் வேலையை, யாரிடம் ஒப்படைப்பது? பலரும் வேகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: எந்த நெட்வொர்க் எதனுடன் பேச்சைத் தொடங்கலாம் என்பதை அந்தப் பெட்டியிடம் தெளிவாகச் சொல்ல முடிகிறதா?

வேகம் மட்டும் போதுமென்றால் ரவுட்டிங்கும் செய்யத் தெரிந்த லேயர் 3 ஸ்விட்சை அடிக்க ஆளில்லை. சிப்பே பாக்கெட்டை மாற்றிவிடுகிறது, போர்ட்டின் முழு வேகமும் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள ஏசிஎல்லுக்கு (அனுமதி, தடை விதிகளின் பட்டியல்) பொதுவாக ஞாபகசக்தி கிடையாது. கணக்குப் பிரிவுக் கணினி கேமரா பக்கத்தைத் திறந்தால், திரும்பி வரும் பதிலுக்கும் தனியாக விதி எழுத வேண்டும். 'எஸ்டாப்ளிஷ்ட்' என்று ஒரு வசதி உண்டுதான். அது டிசிபி (இணைப்பு ஏற்படுத்திப் பேசும் முறை) தலைப்பில் ஏசிகே அல்லது ஆர்எஸ்டி பிட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது, அந்தப் பிட்டை யார் வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம். இணைப்பே ஏற்படுத்தாத யுடிபிக்கு அதுகூட இல்லை. கேமராவை நம்பாததால்தானே தனி வி-லேனில் போட்டோம்? அதற்கு இந்தக் காவல் போதாது.

அடுத்தது பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள்கள். மோனோவால் என்ற ஃபயர்வால் திட்டத்திலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்தது, அதிலிருந்து பிரிந்த ஓபிஎன்சென்ஸின் முதல் வெளியீடு 2015இல் வந்தது. இரண்டிலும் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் பிறந்த பிஎஃப் என்ற வடிகட்டிதான் வேலை செய்கிறது. தொடங்கிய உரையாடலை அது நினைவில் வைத்திருப்பதால் போகும் திசைக்கு ஒரு விதி போதும், பதில் தானாக வந்துவிடும்.

விதியை பாக்கெட் உள்ளே நுழையும் இன்டர்ஃபேஸில் (ஃபயர்வாலில் ஒரு நெட்வொர்க் இணையும் வாயில்) எழுத வேண்டும், மேலிருந்து முதலில் பொருந்துவதே செல்லும். புதிதாகச் சேர்த்த இன்டர்ஃபேஸில் விதி எதுவும் இருக்காது, எல்லாம் அடைபட்டிருக்கும். விருந்தினர் வைஃபையில் இணையம் வரவில்லையே என்று 'எங்கு வேண்டுமானாலும் போகலாம்' என ஒரு விதி போட்டால் இணையம் வந்துவிடும். கூடவே கணக்குப் பிரிவின் கதவும் திறந்துவிடும், ஏனென்றால் 'எங்கும்' என்பதில் உள் நெட்வொர்க்குகளும் அடக்கம். அதனால் மூன்று விதிகளாக எழுதுங்கள். முதலில் ஃபயர்வாலின் டிஎன்எஸ்ஸுக்கு (தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) அனுமதி. அப்புறம் 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்ற உள் முகவரித் தொகுதிகள் மூன்றுக்கும் தடை. கடைசியாக மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி. வரிசை மாறினால் பயனில்லை.

இரண்டில் என் தேர்வு ஓபிஎன்சென்ஸ். ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள் என்று ஒழுங்காக வருகிறது. பிஎஃப்சென்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதையே வைத்திருங்கள், மாற்றும் அளவுக்கு இதில் வித்தியாசமில்லை.

வெறும் லினக்ஸும் இதே வேலையைச் செய்யும். ஐபி ஃபார்வர்டிங்கை (பாக்கெட்டைக் கடத்தும் வசதி) இயக்கி, லினக்ஸின் வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸில் விதிகளை எழுதினால் முடிந்தது. மொத்த விதியும் ஒரே கோப்பில் இருப்பதும், கோப்பை ஏற்றும்போது ஒன்று முழுதாக மாறும் அல்லது எதுவுமே மாறாது என்பதும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரு இடத்தில் கவனம் தேவை. அனுப்பியவரின் முகவரிக்குப் பதில் ரவுட்டரின் முகவரியைப் போடும் மாஸ்கரேட் விதியில் வெளியேறும் இன்டர்ஃபேஸைக் குறிப்பிடாவிட்டால் உள் நெட்வொர்க்குகளுக்கு இடையிலும் முகவரி மாறும். சர்வர் லாகில் எல்லா வரியிலும் ரவுட்டரின் ஐபிதான் இருக்கும், வந்தது யாரென்று கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, நீங்கள் விடுப்பில் இருக்கும்போது அந்தக் கோப்பைப் படிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத அலுவலகத்துக்கு ஓபிஎன்சென்ஸ்தான்.

வேகத்துக்கு வருவோம். எல்லா வி-லேனையும் ஒரே கிகாபிட் கேபிளில் ஃபயர்வாலுக்குக் கொண்டுவந்தால், அவற்றுக்கு இடையிலான மொத்தப் போக்குவரத்தும் அந்த ஒரு கிகாபிட்டுக்குள் அடங்க வேண்டும். இதற்குப் பெரிய பெட்டி வாங்குமுன் என்விஆரை (கேமரா வீடியோவைப் பதியும் பெட்டி) கேமராக்கள் இருக்கும் வி-லேனிலேயே வையுங்கள். பகல் இரவாக ஓடும் வீடியோ ஃபயர்வால் பக்கமே வராது.

ஸ்விட்ச், ஃபயர்வால் இரண்டையும் ஒரே நேரத்தில் ரவுட் செய்ய விட்டால் போன பாக்கெட் ஒரு வழியாகவும் பதில் வேறு வழியாகவும் போகும். பிங் வரும், இணையப் பக்கம் மட்டும் தொங்கும். டிசிபி இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கலில் பாதியைத்தான் பார்த்த ஃபயர்வால் அடுத்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவதுதான் காரணம். ஒரு நெட்வொர்க்கின் கேட்வே (வெளியே போகும் வாசல்) ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

மென்பொருள் ஃபயர்வால் படுத்தால் நாலு நெட்வொர்க்கும் தனித்தனித் தீவுகளாகும். இரண்டாவது பெட்டி வாங்க முடிந்தால் கார்ப் (ஒன்று படுத்தால் மற்றது அதே முகவரியை ஏற்கும் முறை) மூலம் ஜோடி சேர்க்கலாம். முடியாவிட்டால் ஓபிஎன்சென்ஸின் எல்லா அமைப்பும் அடங்கிய ஒற்றை எக்ஸ்எம்எல் கோப்பை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். பழைய கணினி ஒன்றில் நிறுவி அதை ஏற்றிவிடலாம். நெட்வொர்க் கார்டு வேறாக இருந்தால் இன்டர்ஃபேஸ் பெயர்களை மட்டும் மறுபடி ஒதுக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.