டூயல்சென்ஸ்: முதல் டெக்கன் போட்டிக்கு இந்தப் பேடு போதுமா?

தாராளமாகப் போதும். டூயல்சென்ஸ் என்பது பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் கன்சோலுடன் வரும் பேடு, அதாவது கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கேமிங் சென்டரில் நடக்கும் டெக்கன் 8 (இருவர் மோதும் சண்டை வீடியோ கேம்) போட்டிக்கு முதன்முறை பெயர் கொடுப்பவர் ஆர்கேட் ஸ்டிக் (பெரிய கைப்பிடியும் பட்டன்களும் உள்ள பெட்டி) வாங்கப் பத்துப் பதினைந்தாயிரம் புரட்ட வேண்டாம். 2014-ல் ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தைப் பிரான்ஸ் ஆட்டக்காரர் லஃபி வென்றதே, முதலாவது பிளேஸ்டேஷனின் பழைய பேடை வைத்துத்தான். டூயல்சென்ஸ் அதைவிடக் குறைந்ததல்ல. ஆனால் வீட்டில் விளையாடும் அதே நிலையில் அப்படியே எடுத்துப்போனால் போட்டியில் காலை வாரிவிடும்.

முதலில் கேபிள். தனியாக வாங்கும் டூயல்சென்ஸ் பெட்டியில் கேபிள் வராது. மொபைல் கடையில் மலிவாகக் கிடைக்கும் டைப்-சி கேபிள்களில் பல, சார்ஜ் மட்டும்தான் ஏற்றும்; டேட்டா போகாது. பேடில் லைட் எரிவதைப் பார்த்து ஒயரில் ஓடுகிறது என்று நினைப்போம், அது ப்ளூடூத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வாங்கும்போதே போனைக் கணினியில் செருகிப் பாருங்கள். ஃபைல்கள் தெரிந்தால் நல்ல கேபிள். நீளம் 3 மீட்டர் இருந்தால் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுக்க வேண்டியிருக்காது. முனையையும் கவனியுங்கள்: முதலில் வந்த பிஎஸ்5-க்கு முன்பக்கம் ஒரு பழைய யூஎஸ்பி, ஒரு டைப்-சி. ஸ்லிம் மாடலுக்கு முன்பக்கம் இரண்டுமே டைப்-சி, பழைய யூஎஸ்பி பின்னால். பையில் ஒரு சிறிய அடாப்டர் போட்டுவைத்தால் இரண்டுக்கும் ஆகும்.

ஒயர் ஏன் இவ்வளவு முக்கியம்? ப்ளூடூத்தில் ஒருமுறை சேர்ந்த பேடை அந்த கன்சோல் மறக்காது. ஆட்டம் முடிந்து வெளியே டீ குடிக்கப் போன இடத்தில் பைக்குள் பிஎஸ் பட்டன் அமுங்கினால், உள்ளே வேறு இருவர் ஆடும் ஆட்டத்துக்குள் உங்கள் பேடு நுழைந்துவிடும். சார்ஜ் தீர்ந்து பேடு அணைந்தாலும் ஆட்டம் நிற்கும். ஆட்டத்தை நிறுத்தியவருக்கு அந்த ரவுண்டு போச்சு என்பதுதான் பெரும்பாலான போட்டிகளில் விதி. செட்டிங்ஸில் ஆக்ஸசரீஸ், அதில் கன்ட்ரோலர், அதில் கம்யூனிகேஷன் மெத்தட் என்று போய் யூஎஸ்பி கேபிளைத் தேர்ந்தெடுங்கள். இது கன்சோலில் பதிவாகும் செட்டிங், அதனால் வீட்டில் மாற்றியது சென்டரில் செல்லாது. அங்கேயும் பார்க்க வேண்டும். ப்ளூடூத்தில்தான் ஆடினீர்கள் என்றால், எழுந்திருக்கும் முன் கன்சோலின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து உங்கள் பேடை நீக்கச் சொல்லுங்கள்.

அடுத்து பட்டன் செக், அதாவது எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று பார்த்து மாற்றிக்கொள்வது. ஆட்டம் தொடங்கும் முன் இதைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம், எல்லோரும் கேட்பார்கள். டெக்கன் 8-ல் எல்1 (பேடின் மேல் விளிம்பில் இடப்பக்கப் பட்டன்) அமுக்கினால் ஸ்பெஷல் ஸ்டைல் என்ற எளிய கட்டுப்பாட்டு முறை வந்து, நான்கு பட்டன்களும் வேறு வேலை செய்யத் தொடங்கும். பதற்றத்தில் விரல் பட்டால் காம்போ (தொடர் அடி) பாதியில் அறுந்துவிடும், ஏன் அறுந்தது என்றுகூடப் புரியாது. எல்1-ஐ வெறுமையாக்கிவிடுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 கிளாசிக் முறையில் ஆடுபவர்கள் ஆர்2 ட்ரிகரில் (வலப்பக்கக் கீழ்ப் பட்டன்) இருக்கும் ஹெவி கிக்கை, அதாவது பலமான உதையை, எல்1-க்கு மாற்றலாம். ட்ரிகர் அதிக ஆழம் இறங்குவதால் விரலுக்குத் தாமதம் தெரியும். வைப்ரேஷனையும் ட்ரிகர் எஃபெக்டையும் அணைத்துவிடுவது நல்லது.

டி-பேட் (இடப்பக்கம் நான்கு திசைப் பட்டன்கள்) இந்தப் பேடின் பலம். கட்டைவிரலைத் தூக்கியதும் நடுநிலைக்குத் திரும்புவதால் டெக்கனின் பேக்டாஷும் (சட்டென்று பின்வாங்குதல்), முன், நடு, கீழ், முன்-கீழ் என்று போகும், மிஷிமா குடும்பப் பாத்திரங்களின் அசைவும் சுத்தமாக வரும். முன்-கீழ் மூலையில் விரல் சறுக்குவது பழக்கத்தில் சரியாகும். பலவீனம் அனலாக் ஸ்டிக், அதாவது கட்டைவிரலால் எந்தத் திசைக்கும் சாய்க்கும் குச்சி. உள்ளே இருக்கும் கார்பன் தடம் தேய்ந்தால், தொடாமலே ஸ்டிக் நகர்ந்ததாகக் கேம் எடுத்துக்கொள்ளும். டி-பேடில் ஆடினாலும் உங்கள் ஆள் தானாக நடக்கத் தொடங்கிவிடுவார். குளச்சல், முட்டம் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று படாமல் மூடிய பையில் வையுங்கள். பழைய பேடு வாங்குவதானால் பயிற்சி மோடில் ஸ்டிக்கைத் தொடாமல் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

போட்டி டபுள் எலிமினேஷனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் இரண்டாவது முறை தோற்றால்தான் வெளியே. மூன்றில் இரண்டு கேம் என்ற கணக்கில் குறைந்தது 4 கேமாவது ஆடிவிடுவீர்கள். நுழைவுக் கட்டணம் அதற்கே தகும்.

டூயல்சென்ஸ் வாங்கச் சுமார் 6,000 ரூபாய் எடுத்து வைக்கும் முன் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். டெக்கன் 8 முந்தைய கன்சோலான பிஎஸ்4-ல் வரவில்லை. ஆனால் பிஎஸ்4-ல் டெக்கன் 7 நடத்தும் சென்டராக இருந்தால் டூயல்சென்ஸ் அங்கே வேலை செய்யாது, பிஎஸ்4-இன் பேடான டூயல்ஷாக் 4 வேண்டும். அதே டூயல்ஷாக் 4, பிஎஸ்5-ல் டெக்கன் 8-க்கு உதவாது.