அப்கிரேடுக்குப் பிறகு ஊமையான லேப்டாப்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்ததிலிருந்து, கோத்தகிரியில் பழைய லேப்டாப் வைத்திருக்கும் நண்பர்கள் ஒவ்வொருவராக, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாமா என்று கேட்கிறார்கள். சில வருஷமாக நான் அதில்தான் இருக்கிறேன், சொல்ல வேண்டியதுதான். ஆனால் கேட்கிற நேரம் சரியில்லை.

வேகத்தில் குறையே இல்லை. மலைக் குளிரில் ஃபேன் சுற்றுவதும் அபூர்வம். எழவு, ஆடியோதான். பழைய கேசட்டில் கிடக்கும் படுகர் பாட்டுகளை இதில்தான் ஏற்றி வைக்கிறேன், அதனால் மற்றதெல்லாம் ஓடி சத்தம் மட்டும் போனாலும் எனக்கு மெஷினே போன கணக்கு. இந்த முறை லினக்ஸ் அப்கிரேட் முடிந்து திறந்தால் செட்டிங்ஸில் ஸ்பீக்கர் பெயரையே காணோம், ‘டம்மி அவுட்புட்’ என்று ஒரே ஒரு வரி. வால்யூம் பட்டை மட்டும் அழகாக ஏறி இறங்குகிறது!

குன்னூரில் ஒரு சர்வீஸ் கடையில் கழற்றிக்கூடப் பார்க்காமல் “போர்டு போயிருச்சுங்ணா, பனி ஈரம்” என்றார். இங்கே எது கெட்டாலும் பழி பனிமேல்தான். வீட்டுக்கு வந்து பழைய பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே பூட் பண்ணினேன். ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. அப்புறம் என்ன போர்டு?

முன்பு ஆடியோவைக் கவனித்துக்கொண்டது பல்ஸ்ஆடியோ. புதிய பதிப்பில் அந்த வேலை பைப்வயருக்கு. ஆனால் சவுண்ட் கார்டைக் கண்டுபிடித்து எதை எதோடு இணைப்பது என்று முடிவு செய்வது வயர்பிளம்பர் என்ற இன்னொரு புரோகிராம். என் மெஷினில் பைப்வயர் ஓடுகிறது, வயர்பிளம்பரோ இல்லவே இல்லை, அந்த வேலைக்கென்று முன்பு இருந்த பைப்வயர் மீடியா செஷன் பேக்கேஜ் இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கிறது. அதை நீக்கி, வயர்பிளம்பரைப் போட்டு, லாக்அவுட் செய்து திரும்ப வந்ததும் சத்தம் வந்துவிட்டது, ஆனால் எச்டிஎம்ஐ வழியாக, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு! செட்டிங்ஸில் மாற்றிய பிறகுதான் காதில் விழுந்தது.

இதையெல்லாம் அப்கிரேடே செய்திருக்க வேண்டாமா? மாற்றம் நல்லதுதான், ப்ளூடூத் ஹெட்செட் முன்பு போலத் தகராறு செய்வதில்லை, அதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் கேட்கிறவர்களுக்கு இப்போதைக்கு என் பதில்: போடாதீர்கள். போட்டே தீருவேன் என்றால் முதலில் பென்டிரைவில் பூட் பண்ணி ஒரு முழுப் பாட்டு ஓடவிட்டுப் பாருங்கள், அப்புறம் ஹார்ட் டிஸ்கில் கை வையுங்கள்.