கருவுற்ற 24-ஆம் வாரத்தில் ஒரு தீம் பார்க்: சவாரிகள், வரிசைகள், நிழலிருக்கைகள்

மகளின் ஆறாவது பிறந்தநாளுக்குத் தீம் பார்க்குக்கு அழைத்துச் செல்வதாக ஓராண்டுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தோம். அந்த நாள் வந்தபோது என் வயிற்றில் இரண்டாவது குழந்தைக்கு 24 வாரம் ஆகியிருந்தது. போகலாமா, தள்ளிப்போடலாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேசிவிட்டுப் போனோம்; போனதற்காக இன்றுவரை மகிழ்கிறேன். பூங்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் கவனித்த குறைகளும் நிறைகளும் ஏறக்குறைய எல்லாப் பெரிய பூங்காக்களிலும் ஏதோ ஓர் அளவில் இருக்கக்கூடியவை என்பதால், ஒரு நிறுவனத்தைப் பற்றிய புகாராக இது சுருங்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். வழக்கமான மதிப்புரைகள் எந்த ரோலர் கோஸ்டர் உயரமானது, எதில் கூட்டம் குறைவு என்று பேசும். நான் பார்த்ததோ வேறொன்று: பெரும்பாலான சவாரிகளில் ஏற முடியாத ஒருத்திக்கு, முழுக் கட்டணம் செலுத்தி உள்ளே வந்த பிறகு, அந்தப் பூங்கா என்ன தருகிறது?

முதலில் மருத்துவரிடம் கேட்டோம். ஏறக்குறைய 14-ஆம் வாரம் முதல் 27-ஆம் வாரம் வரையிலான நடுப்பகுதியில் பலருக்கு மசக்கை தணிந்து, வயிறும் இன்னும் நடையைத் தடுக்கும் அளவுக்குப் பெரிதாகாமல் இருக்கும் என்பதால், வெளியூர்ப் பயணத்துக்கு ஏற்ற காலம் அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தும் அனுமதிச் சீட்டு அன்று. நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பவர்கள், இரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள், இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போடப்பட்டவர்கள் ஆகியோருக்கு மருத்துவரின் பதில் வேறாக இருக்கும். என் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு என் மருத்துவர், நடப்பதில் தடையில்லை, குலுக்கும் எதிலும் ஏறக் கூடாது, நெடுநேரம் அசையாமல் நிற்கக் கூடாது என்று மூன்றே வாக்கியங்களில் முடித்துவிட்டார். அன்றைய நாள் முழுவதையும் அந்த மூன்று வாக்கியங்களை வைத்தே திட்டமிட்டோம்.

குலுக்கல் ஏன் ஆகாது என்பதை அறிந்துகொண்டால், ஏற முடியவில்லையே என்ற ஏக்கம் பெரிதும் குறைந்துவிடுகிறது. கருப்பைச் சுவர் நெகிழக்கூடியது. அதில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடிக்கு அந்த அளவு நெகிழ்வு இல்லை. வேகமாகச் செல்லும் வண்டி திடீரென நிற்கும்போதோ திரும்பும்போதோ இரண்டும் ஒரே அளவில் நெகிழாமல், நஞ்சுக்கொடி சுவரிலிருந்து பிரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. கார் விபத்தில் வயிற்றில் நேரடியாக அடிபடாத கர்ப்பிணியையும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பதற்கு இதுவே காரணம். சில பெரிய ரோலர் கோஸ்டர்களில் உடல் எடையைப் போல் நான்கு மடங்கு விசை ஒரு கணம் நம்மை அழுத்துகிறது. இதில் எவ்வளவு வரை பாதுகாப்பு என்று கர்ப்பிணிகளை ஏற்றிச் சோதித்துப் பார்க்கவா முடியும்? ஆகவே தவிர்ப்பதே முறை. டாஷிங் கார், உயரத்திலிருந்து சட்டென விழும் கோபுரச் சவாரி, இருக்கையோடு சேர்த்து ஆட்டும் சிமுலேட்டர், வயிற்றின் மேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் கம்பி உள்ள எதுவாயினும், இவை அனைத்தும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

என் முதற்குறை இங்கேதான். கர்ப்பிணிகள் ஏறக் கூடாத ஒவ்வொரு சவாரியிலும் அதற்கான அறிவிப்பு இருந்தது. இருந்த இடம்தான் தவறு. குகைக்குள் செல்லும் ஒரு படகுச் சவாரி, வெளித்தோற்றத்தில் குழந்தைகளுக்கானது போலவே இருந்தது. முப்பத்தைந்து நிமிடம் வரிசையில் நகர்ந்து, ஏறுமிடத்துக்குச் சற்று முன்னால் வந்த பிறகே, இடுப்பளவு உயரத்தில் பொருத்தப்பட்ட ஒரு பலகையில், வயிறு பருத்த பெண்ணின் உருவமும் அதன் மேல் சிவப்புக் கோடும் கண்ணில் பட்டன. இறுதியில் ஒரு சரிவு இருந்ததாம். மகள் தந்தையோடு படகில் ஏறினாள். நான் வந்த வழியே, வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவரிடமும் வழிகேட்டு ஒதுங்கித் திரும்பி வந்தேன். பலகையைச் செய்து வைக்கும் அக்கறை உள்ள நிர்வாகம், அதை வரிசையின் வாயிலில் வைக்கும் அக்கறையும் கொள்ள வேண்டும். உங்களுக்கு இது நேராமலிருக்க, முதல் நாள் இரவே பூங்காவின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு சவாரியின் விதியையும் படித்து, ஏறக்கூடியவற்றை வரைபடத்தில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். பெயரையும் படத்தையும் நம்ப வேண்டாம். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குழந்தைச் சவாரிகளில்கூட விதி வேறாக இருக்கலாம்.

நான் ஏறியவை நான்கு. பூங்காவைச் சுற்றி வரும் சிறு இரயில், குடைராட்டினத்தில் ஏறி இறங்காமல் நிலையாக இருக்கும் தேர் வடிவ இருக்கை, மெதுவாகச் சுழலும் ராட்சத ராட்டினம், பொம்மைகளும் விளக்குகளும் நிறைந்த ஓர் இருட்டுச் சவாரி. இவற்றுள் இருட்டுச் சவாரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அன்று நான் கண்ட மிகச் சிறந்த பணியாளர் அங்கேதான் இருந்தார். அந்தச் சவாரியின் பெட்டிகள் நிற்பதே இல்லை. நகரும் தளத்தில் கால்வைத்து, அதே வேகத்தில் நடந்து, பெட்டிக்குள் அமர வேண்டும். கர்ப்பத்தில் வயிற்றின் எடை முன்னால் சாய்வதாலும் மூட்டு இணைப்புகள் தளர்வதாலும் நகரும் தளத்தில் தடுமாற வாய்ப்பு அதிகம். நான் எதுவும் கேட்கவில்லை. இருபது வயதுகூட நிரம்பாதவர் போலத் தெரிந்த அந்தப் பெண் என் வயிற்றை ஒரு முறை பார்த்தார், கையை உயர்த்தி உள்ளே யாருக்கோ சைகை காட்டினார், தளம் நின்றது. நான் அமர்ந்து, அவர் என் முழங்கால் பக்கத்துக் கதவை மூடிக் கையால் ஒரு முறை இழுத்துப் பார்த்த பிறகே தளம் மீண்டும் நகர்ந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நகரும் தளம் உள்ள எந்தச் சவாரியிலும் நிறுத்தித் தருமாறு கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

மற்றபடி அன்றைய நாளின் பெரும்பகுதியை நான் கழித்தது இருக்கைகளில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வால்ட் டிஸ்னி லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் தம் இரு மகள்களைக் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தாம் ஓர் இருக்கையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழும்படி ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் தமக்குத் தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டதற்குப் பின்னால் அந்த இருக்கை இருக்கிறது. அமர்ந்து காத்திருக்கும் ஒருவரின் மனத்தில் பிறந்த இடத்தில், அமர்ந்து காத்திருப்பவர்களுக்கு வசதி குறைந்தால் அது வருத்தத்துக்குரியது. நாங்கள் சென்ற பூங்காவில் இருக்கைகள் நிறையவே இருந்தன. ஆனால் மரநிழலில் இருந்தவை கையளவே. பெரிய ரோலர் கோஸ்டரின் எதிரில், பிள்ளைகளுக்காகக் காத்திருப்போர் மிகுதியாகக் கூடும் இடத்தில், வெயிலில் சூடேறிய இரும்பு இருக்கைகள் மட்டுமே போடப்பட்டிருந்தன. அவற்றில் சாய்மானமும் இல்லை. இடுப்புவலி உள்ள ஒருத்திக்குச் சாய்மானம் எவ்வளவு பெரிய உதவி என்பதை அவற்றை வடிவமைத்தவர் ஒரு கர்ப்பிணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். நான் காலையிலேயே ஒரு சிறு காற்றுத் தலையணையைப் பையில் வைத்துக்கொண்டது நல்லதாயிற்று.

வரிசைகள் அடுத்த சிக்கல். கர்ப்ப காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. இரத்தக் குழாய்களும் தளர்கின்றன. அந்நிலையில் அசையாமல் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்வது குறைந்து, கண்கள் இருட்டிக்கொண்டு வரும். வெயிலும் சேர்ந்துகொண்டால் மயக்கமே வந்துவிடலாம். படகு வரிசையில் எனக்கு அந்தத் தலைசுற்றல் தொடங்கியது. குதிகாலை மாறி மாறி உயர்த்தி, கெண்டைக்கால் தசையை இயக்கிச் சமாளித்தேன். அதன் பிறகு வரிசையில் கணவரும் மகளும் நிற்க, நான் வெளியே அமர்ந்திருந்து கடைசியில் சேர்ந்துகொள்ளலாமா என்று ஒவ்வொரு வாயிலிலும் கேட்டோம். இரண்டு இடங்களில் உடனே சம்மதித்தார்கள். ஓரிடத்தில் அப்படி விதியில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஒரே பூங்காவுக்குள் மூன்று வாயில்களில் இருவேறு பதில்கள் கிடைப்பது பயிற்சிக் குறைவைத்தான் காட்டுகிறது. பாரிஸ் டிஸ்னிலேண்ட் போன்ற சில பூங்காக்கள் கர்ப்பிணிகளுக்கென்றே தனி அட்டை கொடுத்து வரிசைச் சிரமத்தைக் குறைக்கின்றன. நீங்கள் செல்லும் பூங்காவில் அத்தகைய ஏற்பாடு உண்டா என்று உள்ளே நுழைந்தவுடன் விருந்தினர் சேவை மையத்தில் கேட்டுவிடுங்கள். மருத்துவரின் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதும் உதவும்.

கழிப்பறைகள் மிகத் தூய்மையாக இருந்தன, எண்ணிக்கையிலும் குறைவில்லை. இதற்கு முழு மதிப்பெண். குடிநீர்க் குழாய்களும் போதுமான அளவில் இருந்தன. கர்ப்பிணிகள் நாள் ஒன்றுக்கு 8 முதல் 12 குவளை வரை தண்ணீர் அருந்த வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. வெயிலில் நடக்கும் நாளில் அந்த எண்ணிக்கையின் மேல்வரம்பையே கணக்கில் கொள்வது நல்லது. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அஞ்சித் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். உணவைப் பொறுத்தவரை, நெடுநேரம் திறந்து வைக்கப்பட்டிருந்தவற்றை விட்டுவிட்டு, கண்ணெதிரே சூடாகச் சமைத்துக் கொடுத்தவற்றை மட்டும் உண்டேன்.

பூங்காவோடு இணைந்த நீர்ப்பகுதிக்குள் நான் செல்லவில்லை. சறுக்குகளில் வேகமும் திடீர் நிறுத்தமும் கோஸ்டர்களுக்கு ஒப்பானவை என்பதால் அவை ஆகா. வெந்நீர்க் குளங்களும் ஆகா. தாயின் உடல்வெப்பம் 39 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்வது, குறிப்பாகத் தொடக்க வாரங்களில், கருவுக்கு நல்லதன்று. ஆழமற்ற குளத்தில் காலை நனைத்துக்கொண்டு அமர்ந்திருக்கலாம்தான். ஆனால் ஈரத்தரையில் வழுக்கும் அச்சம் எனக்கு மேலோங்கியிருந்தது.

மதியம் ஒரு மணிக்கு என் கால்களில் வீக்கம் தெரிந்தது. முதலுதவி நிலையத்துக்குச் சென்று சற்று நேரம் படுத்திருக்க இடம் கிடைக்குமா என்று கேட்டோம். அங்கிருந்த செவிலியர், முதலில் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். தலைவலி இருக்கிறதா, பார்வை மங்குகிறதா, குழந்தையின் அசைவு வழக்கம்போல் இருக்கிறதா, இரத்தக்கசிவோ நீர்க்கசிவோ உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்த பிறகே கட்டிலைக் காட்டினார். மல்லாந்து படுக்க வேண்டாம், கருப்பையின் எடை பின்னாலிருக்கும் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும் என்று சொல்லி, இடப்பக்கமாகத் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவே ஒரு போர்வையை மடித்து வைத்தார். குளிரூட்டப்பட்ட அந்த அறையில் நாற்பது நிமிடம் உறங்கினேன். அதற்குக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஓய்வு இல்லாதிருந்தால் மாலைவரை தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். முதலுதவி நிலையம் எங்கே இருக்கிறது என்பதை நுழைந்தவுடன் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று இனிச் செல்லப்போகும் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் சொல்வேன்.

மாலையில் அணிவகுப்பு. ஒலிபெருக்கிக் கம்பங்களுக்கு அருகில் உட்கார வேண்டாம் என்று முடிவுசெய்து, கூட்டம் நெருக்காத ஒரு வளைவில், சுவரோரமாக இடம் பிடித்தோம். முரசு வாசிப்போர் எங்களைக் கடந்து சென்ற நேரத்தில் வயிற்றுக்குள் தொடர்ந்து இரண்டு உதைகள். முரசொலிக்குத்தான் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் மகளின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தபோது மூன்றாவது உதை அவள் உள்ளங்கையில் பட்டது. வண்ண வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்க, அவள் அவற்றைப் பார்க்காமல் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்றரை. அறிவிப்புப் பலகைகளின் இடத்துக்கும், வாயிலுக்கு வாயில் மாறிய பதில்களுக்கும், நிழலற்ற இருக்கைகளுக்கும் ஒன்றரையைக் குறைக்கிறேன். முதலுதவி நிலையத்துக்கும், தளத்தை நிறுத்திய அந்தப் பெண்ணுக்கும், கழிப்பறைகளுக்கும் மற்றவை. சவாரிகளுக்காகவே செல்ல விரும்புபவர் குழந்தை பிறந்து, உடல் தேறிய பிறகு செல்வது நல்லது. பிள்ளையோடும் துணையோடும் ஒரு நாளைக் கழிக்க விரும்புபவர், மருத்துவர் சம்மதித்தால், இப்போதே செல்லலாம். வார நாளாகப் பாருங்கள். திறக்கும் நேரத்துக்கே செல்லுங்கள். மதிய வெயிலில் இரண்டு மணி நேரத்தை ஓய்வுக்கென்று ஒதுக்குங்கள். வாயிலில் வாடகைக்குக் கிடைத்த சக்கர நாற்காலியைக் காலையில் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாலையில் வாகன நிறுத்தம்வரை நடந்த அந்த நீண்ட தொலைவில், ஒவ்வொரு விளக்குக் கம்பத்தின் அடியிலும் நின்று நின்று நடந்தேன்; மகள் என் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய், அடுத்த கம்பத்தடியில் எனக்காகக் காத்திருந்தாள்.