இன்ஸ்ப்ரூக் பேராலயத்துக்கு டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள்

ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் போகிறவர்கள் கவனத்துக்கு. அங்குள்ள புனித யாக்கோபு பேராலயத்துக்குள் போகக் கட்டணமே இல்லை. அதைத்தான் ஓர் இணையதளம் "வரிசையில் நிற்காத நுழைவு, கைடு, பேரரசர் மாக்ஸிமிலியன் கல்லறை" என்று போட்டு, தலைக்கு 39 யூரோ வாங்கியது. அப்பா அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன்.

போய்ப் பார்த்தால் வரிசையே இல்லை. உள்ளே திருப்பலி நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயம். ஆனால் அந்த நேரத்துக்கு டிக்கெட் விற்றது என்ன நியாயம்? வயதானவர்களைக் குளிரில் வாசலிலேயே நிற்க வைத்தார்கள்.

பிறகு உள்ளே போனதும் கைடு நேராக ஒரு வெண்கலக் கல்லறை முன் நிறுத்தி, "இதுதான் பேரரசர் மாக்ஸிமிலியன்" என்றார். சுத்தப் பொய். அது 1618-ல் இறந்த மூன்றாம் மாக்ஸிமிலியனுடையது. அவர் ஆர்ச்டியூக் (ஆஸ்திரிய அரச குடும்பத்து இளவரசர்களின் பட்டம்), பேரரசர் அல்ல. பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் இறந்தது 1519-ல். அவருக்காக எழுப்பிய நினைவுக் கல்லறை, சுற்றிலும் 28 பெரிய வெண்கலச் சிலைகளோடு, சில நிமிட நடையில் ஹோஃப்கிர்ஹே என்ற வேறொரு தேவாலயத்தில் இருக்கிறது. அதற்குத்தான் டிக்கெட் உண்டு, அங்கேயே வாங்கலாம். (அதற்குள்ளும் அவர் உடல் இல்லை. அடக்கம் செய்தது வீனர் நொய்ஷ்டாட் என்ற வேறோர் ஊரில்.)

எனக்கு அதைவிட ஆற்றாமை, அந்தப் பேராலயத்தில் பார்க்க வேண்டியதைக் கைடு காட்டவே இல்லை என்பதுதான். 1717 முதல் 1724 வரை, பரோக் என்ற அலங்காரம் மிகுந்த பாணியில் கட்டிய கட்டடம் அது. கோஸ்மாஸ் டாமியான் அசாம் தீட்டிய கூரை ஓவியங்களில், தட்டையான இடமும் வானத்தை நோக்கித் திறந்த கோபுரம்போல் எழும்பித் தெரியும். சுதை வேலை அவர் தம்பி எகிட் குவிரினுடையது. நடுப் பீடத்தில், குழந்தையை அணைத்த மரியாள்: ஜெர்மன் ஓவியர் லூக்காஸ் கிரானாக் வரைந்தது. அம்மாதான் அதைக் கண்டுபிடித்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கைடு அதற்குள் கிளம்பிவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "மாக்ஸிமிலியன் கல்லறையைக் காட்டினோமே" என்று பதில். இப்போது அவர்கள் இணையப் பக்கத்தில் "பேரரசர்" என்ற சொல் மட்டும் காணவில்லை. எங்களுக்கு வந்த முன்பதிவு உறுதிச் சீட்டில் அது அப்படியே இருக்கிறது. அதை வைத்து கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்திருக்கிறோம். நீங்களும் ஏமாந்திருந்தால், பக்கத்தை மாற்றும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.